சிட்னி ரிங்கர்

சுண்ணச்சத்து என்றவுடன் எலும்பும் பல்லுமே நம் நினைவிற்கு வரும். கால்சியம் என்னும் அச்சத்து இன்றேல் இதயமும் துடியாது என்று கண்டு கூறியவர், சிட்னி ரிங்கர் என்னும் ஆங்கில மருத்துவர் ஆவார்.

இவர் இங்கிலாந்தில் நார்விச் நகரில் பிறந்தார்; இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயின்று, அதனைச் சார்ந்த மருத்துவமனையில் 1900ஆம் ஆண்டுவரை பணியாற்றினார். நோயாளரைப் பேணியது போக எஞ்சிய பொழுதை ஆய்வுக்கூடத்திற் கழிப்பது இவர் வழக்கம்.

உடலினின்று பிரித்தெடுத்த தவளையின் இதயத்தை நெடுநேரம் துடிக்கச் செய்யும் நீர்மம் யாது என இவர் ஆராய்ந்தார். கறியுப்புக் கரைசலில் இதயம் நன்கு துடித்தது. அம்முடிவுகளை 1882இல் வெளியிட்டார். பின்னர் அதே கரைசலைக் காய்ச்சி வடித்த நீரில் செய்து பார்த்தபோது, துடிப்பு விரைவில் ஓய்ந்தது. காரணத்தை நுணுகி ஆராய்ந்தார். முன்னைய கரைசல் குழாய் நீரில் செய்யப்பட்டது என்பது புலனாயிற்று. இலண்டன் குழாய் நீரில் கால்சியம் சிறிதளவு கலந்திருந்தது. வடித்த நீர்க் கரைசலில் கால்சியத்தைச் சேர்த்தார். ஓய்ந்த இதயம் மீண்டும் துடித்தது!

ரிங்கர் தம் பிழையை மறைத்தாரல்லர். முந்திய கரைசல் குழாய் நீராற் செய்யப்பட்டதென 1883இல் தாமே எழுதி, முடிவுகளைத் திருத்தினார். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் உப்புகளைத் தக்க அளவிற் கலந்து இவர் அமைத்த கரைசல் இவர் பெயராலேயே வழங்குகிறது. அதனினின்று தோன்றிய ரிங்கர் லாக்டேட் என்னும் நீர்மம் இன்றும் நோயாளரின் குருதிக் குழாயில் ஏற்றப்படுகிறது.

ரிங்கர் 1910இல் மறைந்தார். கால்சியம் தசையை எவ்வாறு இயக்குகிறது என்பது அவர் காலத்தில் விளங்கவில்லை. 1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி, தசையில் டிரோபோனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். அப்புரதத்தில், விரித்த சுட்டுவிரலும் கட்டைவிரலும் போல இரு சுருள்கள் நிற்க, அவற்றிடையே ஒரு வளைவு அமைந்துள்ளது. கால்சியம் அவ்வளைவிற் பொருந்தியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது, தசையிழைகளைத் தடுத்து நின்ற தடை விலகுகிறது, தசை சுருங்குகிறது. கால்சியம் நீங்கியதும் தசை தளர்கிறது. நம் இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் இச்செயலே நிகழ்கிறது.

எதிர்பாராத முடிவைப் புறக்கணியாமல் அதன் காரணத்தைத் தேடியதும், கண்ட பிழையை உலகறியக் கூறியதுமே ரிங்கரின் பெருமைக்குக் காரணங்களாம். அறிவை நாடுவோர் இவ்விரு பண்புகளையும் போற்றிக் கொள்ளுதல் வேண்டும்.