மண்ணின் கணக்கைப் பார்த்த துரைராஜா

சிவில் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் வருவது பொருட்களின் வலிமை என்ற பாடம். இரும்புக் கம்பியை இழுத்தால் எவ்வளவு நீளும், எந்த இடத்துக்குப் பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது, எப்போது அறும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அடுத்து மண்பொறியியல் வரும்போது பலர் தடுமாறுகிறார்கள். கம்பிக்கு இருக்கிற ஒழுங்கு மண்ணுக்கு இல்லாததுபோலத் தெரியும். ஆனால் ஈரக் களிக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை வெளியே கொண்டுவந்த ஆய்வாளர்களில் ஒருவர் இந்த நாட்டுத் தமிழர், பேராசிரியர் அழகையா துரைராஜா.

நான் நற்பிட்டிமுனையில் கட்டட வேலைகளை மேற்பார்வை செய்பவன். துரைராஜாவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் என்று எங்கள் பக்கத்திலும் சிலருக்குத் தெரியும். அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் பொறியியல் மாணவர்களே விழிக்கிறார்கள். அவருடைய பதவிகளைவிட அந்த ஆய்வுதான் எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் தெரியவேண்டும்.

1934 நவம்பர் 10ஆம் திகதி வடமராட்சியில், உடுப்பிட்டிக்கு அருகே கம்பர்மலையில் பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்துக்குப் போனார். அந்தப் பீடம் தொடங்கியது 1950இல்தான். பேராதனைக்கு மாறுவதற்கு முன்பு அது கொழும்பில் இயங்கியது. 1957இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். அதன் பிறகு கலாநிதிப் பட்ட ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கே கென்னத் ரொஸ்கோ என்பவர் மண் ஆய்வுக் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், ரொத் ஆகிய மூவரும் 1958இல் ஒரு முக்கியமான கட்டுரையை வெளியிட்டிருந்தார்கள். எந்த மண்ணையும் தொடர்ந்து உருக்குலைத்துக்கொண்டே போனால், கடைசியில் அது கனவளவு மாறாமல் பாய்கிற ஒரு நிலைக்கு வந்துசேரும் என்பது அதன் சாரம். கடைசி நிலை தெரிந்துவிட்டது. அங்கே போய்ச் சேரும் வழி தெரியவில்லை. அந்த இடத்தில்தான் துரைராஜாவின் வேலை தொடங்குகிறது.

ஆய்வுகூடத்தில் மூவச்சு அழுத்தச் சோதனை என்று ஒன்று உண்டு. உருளை வடிவான சிறிய மண் மாதிரியை மெல்லிய இறப்பர் உறைக்குள் வைத்து, சுற்றிவரத் தண்ணீரால் அழுத்தி, மேலிருந்து சுமை ஏற்றுவார்கள். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். மாதிரிக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற விட்டால் மென்களி சுருங்கும். தண்ணீரை அடைத்து வைத்தால் சுருங்க முடியாது, உள்ளே நீரின் அழுத்தம் ஏறும். ஒரே களியில் இந்த இரண்டு சோதனைகளையும் செய்து வரைபில் போட்டால், இரண்டு வேறு பொருட்களைப் பார்ப்பதுபோல இருக்கும்.

துரைராஜா கயோலின் களியை வைத்து ஒரு வரவு செலவுக் கணக்குப் பார்த்தார். சுமைகள் மாதிரியின் மீது செய்த வேலை எவ்வளவு? அதில் சுமையை எடுத்தால் திரும்பி வரக்கூடிய பங்கு எவ்வளவு? மிச்சம் உராய்வில் கரைந்து போனது எவ்வளவு? கரைந்து போனதை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. மண் துணிக்கைகள் ஒன்றையொன்று எவ்வளவு அழுத்துகின்றனவோ, எவ்வளவு உருக்குலைகின்றனவோ, அந்த இரண்டையும் பொறுத்தே இழப்பு இருந்தது. தண்ணீரை விட்ட சோதனைக்கும் அடைத்த சோதனைக்கும் ஒரே விதி பொருந்தியது.

அந்த விதியைப் பிடித்துக்கொண்டு களி எந்த எல்லையில் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் என்பதைக் கணக்கிட வழி பிறந்தது. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா மூவர் பெயரிலும் 1963இல் ஜியோடெக்னிக் சஞ்சிகையில் அந்தக் கட்டுரை வந்தது. கேம்பிரிட்ஜ் ஊடாக ஓடும் கேம் நதியின் பெயரால் அந்த மாதிரியை இன்று கேம் கிளே என்கிறார்கள். 1968இல் ரொஸ்கோவும் பர்லண்டும் அதைத் திருத்தியமைத்தார்கள். அணைக்கட்டு, சுரங்கப்பாதை, மென்களி மீது போடும் வீதி ஆகியவற்றைக் கணிக்கும் கணினி மென்பொருள்களில் அந்த வழிவந்த மாதிரிகள் இன்றும் இருக்கின்றன.

இதற்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கல்முனைக் கடற்கரையில் மணல். மேற்கே நற்பிட்டிமுனை, கிட்டங்கிப் பக்கம் வந்தால் வயலும் களியும். வளவு கிடைக்காமல் வயலை நிரப்பி வீடு கட்டுகிறோம். கிறவல் கொட்டிய கையோடு அத்திவாரம் வெட்டினால், சுவர் எழும்பிய பிறகும் கீழே உள்ள களி தண்ணீரை விட்டு இறுகிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் கூட இறங்கினால் சுவரில் வெடிப்பு வரும். சீமெந்தைக் குறைத்துவிட்டான் என்று மேசனுக்குத்தான் ஏச்சு விழும். கரையோரத்தில் அவசரமாக உயரமாக நிரப்பினால் இன்னொரு ஆபத்து. தண்ணீர் வெளியேற நேரம் இல்லாமல் உள்ளே அழுத்தம் ஏறி, கரையே வழுக்கிப் போகலாம். களி இறுகும் கணக்கை டெர்சாகி முன்பே சொல்லிவிட்டார். இறுகுவதையும் வழுக்குவதையும் ஒரே சட்டகத்தில் வைத்தது கேம்பிரிட்ஜ் குழு.

இவ்வளவு செய்தவர் நாடு திரும்பினார். பேராதனையில் கற்பித்து, பேராசிரியராகவும் பொறியியல் பீடாதிபதியாகவும் இருந்தார். கனடாவின் பல்கலைக்கழகங்களுக்கும் சென்று ஆய்வு செய்தார். இந்த நாட்டில் ஒரு தலைமுறைப் பொறியியலாளர்கள், சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும், அவரிடம் மண்பொறியியல் கற்றார்கள்.

1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். முந்தைய ஆண்டு ஒக்டோபரில்தான் அந்த வளாகத்துக்குள்ளேயே சண்டை நடந்திருந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. மின்சாரம் இல்லை, எரிபொருள் இல்லை. துணைவேந்தர் சைக்கிளில் போய்வந்தார். அந்த நெருக்கடியிலும் விரிவுரைகளும் பரீட்சைகளும் நடந்தன. கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அப்போது பொறியியல் பீடமே இல்லை. தன் துறை இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தைக் காப்பாற்ற அவர் தன் கடைசி ஆண்டுகளைக் கொடுத்தார்.

அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஆண்டு கிழக்கிலும் எங்கள் சனங்கள் பட்டதை மறக்க முடியாது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் பக்கத்தில் ஒரு வலி வரத்தான் செய்யும். அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அந்த வலிக்காக ஓர் அறிஞரின் உழைப்பை எங்கள் பிள்ளைகள் அறியாமல் போவதும் நட்டம்தான். களியின் விதியைக் கண்டவர் எந்த ஊர் என்று களி கேட்பதில்லை.

இரத்தப் புற்றுநோயால் 1994 ஜூன் 11ஆம் திகதி கொழும்பில் காலமானார். வயது 59. அடுத்த ஆண்டு ஒலுவிலுக்குரிய தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்தது. போர் முடிந்த பின்னர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சியில் ஒரு பொறியியல் பீடமும் ஒலுவிலில் ஒரு பொறியியல் பீடமும் வந்தன. இரண்டு இடத்திலும் பிள்ளைகள் இறப்பர் உறைக்குள் களியை வைத்து, தண்ணீரை விட்டும் அடைத்தும் சோதிக்கிறார்கள். அந்த இரண்டு சோதனைகளையும் ஒரே கணக்கில் சேர்த்தவர் பெயரை விரிவுரையாளர்கள் அந்த மேசையடியிலேயே சொல்லிக்கொடுத்தால் நல்லது.