கண்ணாடியும் தங்கமும் – ஃபாரடேயின் இன்னொரு பக்கம்

மைக்கேல் ஃபாரடே என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பரீட்சைக்காக உருப்போட்ட மின்காந்தத் தூண்டல் விதிகள், டைனமோ, மின்னாற்பகுப்பு. அத்தோடு சரி! அதே மனிதர் கண்ணாடியோடும் தங்கத்தோடும் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியவர் என்பது பௌதிகம் படித்த நம்மில்கூடப் பலருக்குத் தெரியாது. நானோ டெக்னாலஜி, மெட்டீரியல்ஸ் சயன்ஸ் என்று தனித்தனிப் படிப்புகளே வந்துவிட்ட இந்த நாளில், மாணவத் தம்பி தங்கைகளுக்காக அந்தக் கதை இங்கே.

1791 செப்டம்பர் 22 அன்று, லண்டனை ஒட்டிய நியூயிங்டன் பட்ஸில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார் ஃபாரடே. பள்ளிப்படிப்பு எழுதப் படிக்கத் தெரிந்த அளவோடு நின்றுபோனது. 14 வயதில் புத்தக பைண்டிங் கடையில் வேலை பழகச் சேர்ந்தவர், தைக்க வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானம் கற்றார். 1812-ல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, அழகாக பைண்ட் செய்து அவருக்கே அனுப்பிவைத்தார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிடைத்தது. அதன்பின் வாழ்நாளின் பெரும்பகுதி அதுதான் அவர் வீடு.

அந்த நாளில் தொலைநோக்கி லென்சுக்கான உயர்ந்த கண்ணாடி என்றால் ஜெர்மனியின் பவேரியாதான், ஃபிரான்ஹோஃபரின் கைவண்ணம். இங்கிலாந்துக் கண்ணாடியிலோ குமிழியும் கோடும் மிகுதி. இதைச் சரிசெய்ய ராயல் சொசைட்டி ஒரு குழு போட்டது. 1825-ல் பொறுப்பு ஃபாரடே தலையில் விழுந்தது. 1827-ல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை கட்டினார்கள். ஈயம், போரிக் அமிலம், சிலிக்கா சேர்த்து உருக்குவது, பிளாட்டினம் தட்டில் ஊற்றுவது, கிளறுவது, குமிழி போகப் பிளாட்டினத் தூள் தூவுவது என்று நாள் முழுக்க அதே வேலை. உலையைப் பார்த்துக்கொள்ள ஆண்டர்சன் என்ற பழைய ராணுவ சார்ஜண்ட் வந்தார். வீட்டுக்குப் போகச் சொல்ல ஃபாரடே மறந்துவிட்டதால் மனிதர் விடிய விடிய உலையை எரித்துக்கொண்டு நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள்!

பலன்? லென்ஸ் செய்யும் தொழிலை மாற்றிவிடும்படி எதுவும் வரவில்லை. மின்சாரத்தையும் காந்தத்தையும் ஆராயத் துடித்த ஒருவரின் நல்ல வயது, 34 முதல் 39 வரை, பெரும்பாலும் உலை முன்னே போயிற்று. அதிலிருந்து விடுபட்ட பிறகுதான், 1831 ஆகஸ்டில் மின்காந்தத் தூண்டலைக் கண்டார். ஆனாலும் மனிதர் இரண்டு காரியம் செய்தார். கண்ணாடி செய்த விதம் முழுவதையும் 1829-ல் ராயல் சொசைட்டியில் விவரமாகப் படித்தார். செய்த கண்ணாடித் துண்டுகளையும் தூக்கி எறியவில்லை.

அந்தத் துண்டுதான் பிறகு கைகொடுத்தது. காந்தம் ஒளியைத் தொடுமா என்று 1845 செப்டம்பர் 13 அன்று சோதித்தார். காற்றில் பார்த்தார், வேறு கண்ணாடிகளில் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தன் பழைய ஈயக் கண்ணாடியை மின்காந்தத்தின் அருகே வைத்தார். அதன் வழியே போன தளவிளைவு ஒளியின் தளம் திரும்பியது! ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு உண்டு என்பதற்கு முதல் சாட்சி அது. லேசர் கருவிகளில் ஒளி பின்னால் திரும்பி வராமல் தடுக்கும் ஐசொலேட்டர்கள் இன்றும் இந்த ஃபாரடே விளைவை வைத்தே இயங்குகின்றன.

அடுத்தது தங்கம். 1856-ல் அவருக்கு வயது 64; ஞாபக மறதி வாட்டிக்கொண்டிருந்தது. தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பச்சையாகத் தெரியும். ஏன் அப்படி என்று தேடி, ரேக்கை மேலும் மேலும் மெல்லியதாக்கினார். கழுவிய தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது. வேறொருவர் என்றால் கொட்டியிருப்பார். இவர் தங்கக் குளோரைடு கரைசலைப் பாஸ்பரஸ் கொண்டு ஒடுக்கி, மாணிக்கச் சிவப்பில் திரவங்களாகவே செய்துவிட்டார். பார்வைக்குத் தெளிவான கரைசல்தான். ஆனால் குவித்த ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால் அதன் பாதை பளிச்சென்று தெரிந்தது. உப்பைச் சேர்த்தால் சிவப்பு நீலமாக மாறியது. உள்ளே இருப்பது தங்கமேதான், மைக்ராஸ்கோப்புக்கும் அகப்படாத பொடியாக என்றும், நிறம் மாறுவது துகளின் அளவைப் பொறுத்தது என்றும் முடிவு கட்டினார். 1857 பிப்ரவரி 5 அன்று அதை ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்தார்.

நானோ என்ற பேச்சே இல்லாத காலம் அது! அந்த நிறத்துக்குச் சரியான கணக்கை குஸ்டாவ் மீ 1908-ல்தான் போட்டார். கூழ்ம ஆராய்ச்சிக்காக சிக்மாண்டிக்கு 1925-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. கர்ப்பம் பார்க்கும் பட்டையிலும் கொரோனா ரேபிட் டெஸ்ட் அட்டையிலும் நாம் பார்த்த சிவப்புக் கோடு பெரும்பாலும் இந்தத் தங்கத் துகள்தான். ஃபாரடே 1867 ஆகஸ்ட் 25 அன்று காலமானார். அவர் செய்த தங்கத் திரவங்களில் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் நிறம் குன்றாமல் இருக்கின்றன.

லேபில் ரீடிங் சரியாக வரவில்லை என்றால் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதிவிடும் பழக்கம் நம் காலத்திலும் இருந்தது, இன்றும் இருக்கும். தம்பி தங்கைகளே, வந்ததை வந்தபடி எழுதி வையுங்கள். ஃபாரடேக்குக் கைகொடுத்தவை, பலன் தராத கண்ணாடியும் கழுவிய தண்ணீரும்தான்.