வானம் பார்த்த விவசாயி

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். இன்ஜினியர் என்பதால் பாய்லர், டர்பைன் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். எனக்கோ ஒரு விவசாயி ஞாபகம் வந்தார். கல்லூரி வாசலை மிதிக்காதவர், பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். பெயர் லெஸ்லி பெல்டியர்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டெல்ஃபாஸ் என்ற சிற்றூர். அங்கே ஒரு பண்ணை வீட்டில் 1900 ஜனவரி 2-ந் தேதி பிறந்தார். 15 வயதில் ஒரு மே மாத இரவு வானத்தை அண்ணாந்து பார்த்தவருக்குச் சுருக்கென்று ஒரு கேள்வி: இத்தனை வருஷமா பார்க்கிறோம், ஒரு நட்சத்திரத்தின் பெயர்கூடத் தெரியலையே? நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துவந்து முதலில் வேகா நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அப்புறம் தொலைநோக்கி ஆசை. விலை 18 டாலர். ஒரு குவார்ட் ஸ்ட்ராபெர்ரி பறித்தால் 2 சென்ட் கூலி. 900 குவார்ட் பறித்து 2 அங்குலத் தொலைநோக்கி வாங்கினார்!

1918 முதல் ஒளி மாறும் நட்சத்திரங்களைக் கவனிக்கத் தொடங்கினார். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு இன்றைக்கு எவ்வளவு பிரகாசம் என்று குறித்து, மாதாமாதம் அமெரிக்க நோக்கர் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. அவருடைய ஒழுங்கைப் பார்த்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 6 அங்குலத் தொலைநோக்கி இரவலாக வந்தது. அதைக் கொண்டு வால்நட்சத்திர வேட்டை.

வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கும்போதுதான் நன்றாக ஒளிரும். அதனால் மாலையில் மேற்கு, விடியலில் கிழக்கு என்று வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவ வேண்டும். தெரிவதெல்லாம் புகைபோல ஒரு மங்கல். அது வழக்கமான நெபுலாவா, புது விருந்தாளியா என்று சொல்ல வானம் மனப்பாடமாக இருக்கணும். 1925 நவம்பரில் முதல் வால்நட்சத்திரம் சிக்கியது. 1954 வரை மொத்தம் 12. 1936-ல் கண்டது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பகலில் பண்ணை வேலை, பிறகு மரச்சாமான் வடிவமைப்பு. இரவில் உட்கார, பழைய கார் சீட்டு வைத்து, ஆளோடு சேர்ந்து சுழலும் ஒரு குடிலைத் தானே கட்டிக்கொண்டார்.

என் மனதைத் தொட்டது அவர் தவறவிட்ட ஒரு ராத்திரி. வடமகுட விண்மீன் குழுவில் ஒரு நட்சத்திரம் 1866-ல் திடீரென வெடித்துப் பிரகாசித்து அடங்கியது. மறுபடி எழும் என்று அதை 25 வருஷத்துக்கு மேல் காவல் காத்தார். 1946 பிப்ரவரியில் ஒரு நாள் அதிகாலை இரண்டரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார். வானம் தெளிவு. ஆனால் ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி இருந்ததால் திரும்பப் போய்ப் படுத்துவிட்டார். அன்றைக்குத்தான் அது வெடித்தது! வேறு யாரோ பார்த்துவிட்டார்கள்.

நாமாக இருந்தால் தொலைநோக்கியை மூட்டை கட்டியிருப்போம். அவர் மனக்குறைப்பட்டார், ஆனால் நிறுத்தவில்லை. 1959-ல் ஒஹையோவின் மயாமி பல்கலைக்கழகம் 12 அங்குலத் தொலைநோக்கியைக் கூடத்தோடு அவரிடமே ஒப்படைத்தது. 1980 மே மாதம் மறையும்வரை 62 வருஷம் மாதாந்திர அறிக்கை தவறவில்லை. மொத்தக் குறிப்புகள் ஏறக்குறைய 1,32,000.

ஷிஃப்டில் லாக் புக் எழுதுகிறவன் நான். மாற்றமில்லை என்று எழுதும் வரிக்கு என்ன மதிப்பு என்று அலுத்துக்கொண்டதுண்டு. அந்த வரிகள் வரிசையாக இருந்தால்தான் மாற்றம் வந்த நாள் தெரியும் என்று இவர் வாழ்க்கைதான் புரியவைத்தது.

மூன்றாம் ஆண்டில் விடுதி மொட்டைமாடியில் நானும் ஒரு வான நோட்டு தொடங்கினேன். இரண்டே மாதத்தில் நின்றுபோனது. செமஸ்டர் மேல் பழி போட்டேன். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. தம்பி, தங்கைகளே, சந்திப்பு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அதோடு மாடிக்கு வருகிறேன். மேகம் இல்லாவிட்டால் விட்ட இடத்திலிருந்து எழுதுவோம். மேகம் இருந்தால், மேகம் என்று எழுதுவோம்.