பீத்தோவனுக்கு வயது என்ன?



பீத்தோவன் என்றதும் காது கேட்காமலேயே இசை அமைத்த மேதை என்பது நம் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நானும் அதை எழுதத்தான் நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். படிக்கப் படிக்க, அவருடைய சின்ன வயசு வீடுதான் என் மனசுல நின்றது. அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஜெர்மனியில் பான் என்று ஓர் ஊர். 1770 டிசம்பர் 17-இல் அங்கே ஒரு தேவாலயத்தில் குழந்தை பீத்தோவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். தாத்தா அரண்மனை இசைக்குழுவின் தலைவர். அப்பா யோஹானும் அரண்மனைப் பாடகர்தான். தாத்தா இறந்த பிறகு அந்தத் தலைவர் பதவியை அப்பா கேட்டார், கிடைக்கவில்லை. குடிப்பழக்கம் வேறு.

அந்தக் காலத்தில் மோசார்ட் என்ற சிறுவன் ஐரோப்பா முழுக்கக் கச்சேரி செய்து பேர் வாங்கியிருந்தான். என் மகனும் அப்படி ஆகணும் என்று யோஹான் முடிவு பண்ணிவிட்டார். குட்டிப் பையன் எட்டாத இசைப்பெட்டி முன்னால் சின்ன பெஞ்சில் ஏறி நின்று, அழுதுகொண்டே வாசித்ததைப் பக்கத்து வீட்டார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். ராத்திரி குடித்துவிட்டு வந்து, தூங்கும் பிள்ளையை எழுப்பி வாசிக்க வைத்ததும் உண்டாம். பையன் தானாக ஏதாவது மெட்டு கட்டி வாசித்தால் அதற்கும் திட்டு. தாளில் உள்ளதை மட்டும் வாசிக்கணும்!

1778 மார்ச் 26-இல் கொலோன் நகரில் கச்சேரி. ஆறு வயதுச் சிறுவன் வாசிக்கிறான் என்று அப்பா விளம்பரம் செய்தார். பையனுக்கு அப்போது ஏழு முடிந்துவிட்டது. வயசு குறைந்தால் ஆச்சரியம் கூடும் அல்லவா? இந்தப் பொய் எவ்வளவு ஆழமாகப் போனது தெரியுமா? 1810-இல், 39 வயதில், பீத்தோவன் தன் ஞானஸ்நானச் சான்றிதழை ஊரிலிருந்து வரவழைத்தார். அதில் 1770 என்று இருந்தது. அவர் நம்பவே இல்லை! குழந்தையிலேயே இறந்துபோன, அதே பெயருள்ள அண்ணனின் சான்றிதழாக இருக்கும் என்று நினைத்தார். தன் சொந்த வயசே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

பிள்ளையைப் பிள்ளையாகப் பார்க்காமல், தன் பெருமையைக் காட்டும் கண்ணாடியாகப் பார்க்கும் பெற்றோர் அன்றைக்கும் இருந்தார்கள், இன்றைக்கும் இருக்கிறார்கள். நம் மார்க் ஷீட்டை நம்மிடம் பேசாமல், கல்யாண வீட்டில் எல்லோரிடமும் பேசுபவர்களை நாமும் பார்த்திருக்கிறோம். மார்க் வந்தால் என் பிள்ளை, குறைந்தால் யார் பெற்ற பிள்ளையோ!

அப்புறம் பீத்தோவன் எப்படித் தேறினார்? முதலில் ஓர் ஆசிரியர் வந்தார். பெயர் நீஃபே. மாணவனுக்குச் சொந்தமாக இசை எழுதக் கற்றுக்கொடுத்து, அதை அச்சேற்றவும் உதவினார். அடுத்து ஒரு வீடு கிடைத்தது. பிராய்னிங் என்ற குடும்பம். அங்கே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லித்தரப் போனவரை, அந்த வீட்டு அம்மா தன் மகன் மாதிரியே நடத்தினார். புத்தகம், பேச்சு, சிரிப்பு எல்லாம் அவருக்கு அங்கே கிடைத்தது.

1787-இல் அம்மா காசநோயால் இறந்தார். அப்பாவின் குடி இன்னும் கூடியது. 1789-இல், 18 வயதுப் பீத்தோவன் துணிந்து ஆட்சியாளருக்கு விண்ணப்பம் எழுதினார். அப்பாவின் சம்பளத்தில் பாதி, இரண்டு தம்பிகளை வளர்க்க இவர் கைக்கு வந்தது. 1792 நவம்பரில் வியன்னாவுக்குக் கிளம்பினார். அடுத்த மாதமே அப்பா இறந்த செய்தி வந்தது. அவர் திரும்பிப் போகவில்லை.

வியன்னாவில் முதலில் எதற்குப் பேர் வாங்கினார் தெரியுமா? தாளே இல்லாமல், மனசில் தோன்றியதை அப்படியே வாசிப்பதற்கு! எதற்காக அப்பாவிடம் திட்டு வாங்கினாரோ, அதற்கே ஊர் கைதட்டியது. பின்னர் பானிலிருந்து தாத்தாவின் படத்தை வரவழைத்துத் தன்னோடு வைத்துக்கொண்டார். குடும்பத்தில் யாரைப் போல இருக்கணும் என்று அவரே தேர்ந்தெடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் மீதியையும் சொல்லணும். 1815-இல் தம்பி இறந்ததும், தம்பி மகன் கார்ல் தனக்கே வேண்டும் என்று பையனின் அம்மாவோடு 1820 வரை வழக்காடினார். கார்ல் மேல் பாசம் கொட்டினார். ஆனால் எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று விடாமல் கண்காணித்தார். அவனைப் பெரிய இசைக்கலைஞனாக்கவும் ஆசைப்பட்டார். 1826-இல் மூச்சுமுட்டிப்போன கார்ல் உயிரை விடத் துணிந்தான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். அதன்பின் அவன் விரும்பியபடி ராணுவத்தில் சேரப் பெரியப்பா சம்மதித்தார். தன் சொத்தையும் அவனுக்கே எழுதிவைத்தார்.

1827 மார்ச் 26-இல் பீத்தோவன் இறந்தார். அந்தக் கொலோன் கச்சேரி நடந்த அதே தேதி!

நண்பர்களே, இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இதுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறப்பது பிள்ளையின் தப்பு இல்லை. வெளியே ஓர் ஆசிரியர், ஒரு நண்பன் வீடு கிடைத்தால் காயம் ஆறத் தொடங்கும். ஆனால் வீட்டை விட்டுப் போனதோடு எல்லாம் முடிந்துவிடாது. நமக்கு வலித்ததை நாம் இன்னொருவருக்குச் செய்கிறோமா என்று நம்மையே பார்த்துக்கொள்ள வேண்டும். முக்கியமாக, வீட்டில் நமக்குக் கீழே தம்பி தங்கை இருந்தால்!

உங்கள் வகுப்பில் யாராவது ரேங்க் கார்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பயந்து நின்றால், சும்மா கடந்து போகாதீர்கள். கூடவே நடந்து போங்கள். நம் ஆசிரியர் யாரிடமாவது சொல்லச் சொல்லுங்கள். நம் பள்ளியிலும் நீஃபேக்கள் இருக்கிறார்கள்.



— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி