படிக்குப் பூ வைத்த சமையல்காரர்

டிசம்பர் 31-ந் தேதி திருத்தணி மலையடிவாரத்தில் போய் நின்றால் ஓர் அதிசயக் காட்சியைக் காணலாம்.

மலைக்கு ஏறும் படி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசுகிறார்கள். குங்குமம் இடுகிறார்கள். பூ வைக்கிறார்கள். கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடுகிறார்கள். பாடி முடித்ததும் அடுத்த படிக்குப் போகிறார்கள்.

மொத்தம் 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி!

வெள்ளிக்கிழமை தோறும் நம் வீட்டுப் பெண்கள் வாசற்படிக்கு என்ன செய்கிறார்களோ, அதையே ஒரு மலைக்குச் செய்கிறார்கள். இதைத் தொடங்கி வைத்தவர் ராஜா அல்ல, ஜமீன்தாரும் அல்ல. வெகு காலம் வரை எழுத்தே படிக்கத் தெரியாமல் இருந்த ஒரு சமையல்காரர்.

அவர்தான் வள்ளிமலை சுவாமிகள்.

அரண்மனை அடுப்படி

ஈரோட்டை அடுத்த பவானிப் பகுதியில் 1870-ம் ஆண்டு அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் அர்த்தநாரி. பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பிழைப்புக்காக மைசூர் போனார். மகாராஜாவின் அரண்மனையில் சமையல் வேலை கிடைத்தது.

ஊருக்கெல்லாம் வகை வகையாகச் சமைத்துப் போட்டவருக்கு, தாம் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. தீராத வயிற்றுவலி. எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை.

பழனிக்குப் போய் ஆண்டவனுக்கு அபிஷேகம் செய்த பாலைச் சாப்பிடும்படி சிலர் யோசனை சொன்னார்கள். அப்படியே போனார். அங்கேயே தங்கினார். நாளடைவில் வலி தீர்ந்தது.

பழனியில் வேறொன்றும் நடந்தது. மைசூரிலிருந்து வந்த ஒரு நாட்டியப் பெண்மணி, சந்நிதியில் ஒரு பாட்டுப் பாடி அபிநயம் பிடித்தாள். அந்தத் தாளமும் துள்ளலும் அர்த்தநாரியைக் கட்டிப் போட்டுவிட்டன. அது என்ன பாட்டு என்று விசாரித்தார். அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் என்றார்கள்.

அருணகிரிநாதர் 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அவருடைய பாடல்கள் ஓலைச்சுவடிகளில் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. வ. த. சுப்பிரமணிய பிள்ளை என்ற நீதிமன்ற அதிகாரி பல ஆண்டுகள் அலைந்து தேடி அவற்றைப் புத்தகமாக அச்சிட்டார். அந்தப் புண்ணியவான் மட்டும் அலையாமல் இருந்திருந்தால், இன்று கிடைத்திருக்கும் 1,300-க்கு மேற்பட்ட பாடல்களில் எத்தனை தப்பியிருக்குமோ!

அந்தப் புத்தகம் அர்த்தநாரியின் கைக்கு வந்தது. ஆனால் என்ன பயன்? அவருக்குப் படிக்கத் தெரியாதே!

அப்போது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக் கொண்டிருந்தது. அந்த வயதில் குழந்தையைப் போல் எழுத்துக் கூட்டத் தொடங்கினார். அதிலும் திருப்புகழ் லேசான தமிழ் அல்ல. நன்றாகப் படித்தவர்களுக்கே நாக்குப் புரளும் பாட்டு அது. ஒரு பாட்டுக்கு ஒரு தாளம். ஒரு வரி தடுக்கினால் எல்லாம் தடுக்கும். அவர் விடவில்லை. ஒவ்வொரு பாட்டாகப் படித்து மனப்பாடம் செய்தார்.

பிறகு வீட்டைத் துறந்து திருவண்ணாமலை சென்றார். ரமண மகரிஷியைத் தரிசித்தார். சேஷாத்திரி சுவாமிகளையும் கண்டார். அவருக்குத் திருப்புகழே போதும், வேறு மந்திரம் வேண்டாம், வள்ளிமலைக்குப் போ என்று வழி காட்டியவர் சேஷாத்திரி சுவாமிகள் என்று கூறுவார்கள். வேலூருக்கு அப்பால் உள்ள அந்த மலை, வள்ளி பிறந்த இடம் என்று புராணம் சொல்லும் மலை. அங்கே தங்கியதால் சச்சிதானந்த சுவாமிகள் என்ற துறவுப் பெயரைவிட, வள்ளிமலை சுவாமிகள் என்ற பெயரே நிலைத்தது.

துரைக்குப் போன மாலை

அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். ஜனவரி முதல் தேதி வந்தால் சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேலை உண்டு. குளித்து, தலைப்பாகை கட்டி, கையில் எலுமிச்சம்பழமும் பூமாலையும் எடுத்துக்கொண்டு துரை வீட்டுக்கு ஓடுவார்கள். வராந்தாவில் காத்து நிற்பார்கள். துரை வெளியே வந்தால் மாலையைப் போட்டுக் கும்பிடுவார்கள். மனம் குளிர்ந்தால் பதவி உயர்வு கிடைக்கும் என்ற ஆசை!

சுவாமிகளுக்கு இது மனதை உறுத்தியது. ஆனால் யாரையும் அவர் திட்டவில்லை. போகாதே என்று தடுக்கவும் இல்லை. துரைதானே வேண்டும்? எல்லாத் துரைகளுக்கும் பெரிய துரை தணிகை மலையில் இருக்கிறார்; அந்த மாலையை அங்கே கொண்டு வாருங்கள் என்று அழைத்தார்.

1917-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, அன்பர்களுடன் திருத்தணி படிகளில் பாடிக்கொண்டே ஏறினார். புது வருஷத்தின் முதல் கும்பிடு முருகனுக்கு ஆயிற்று.

பஞ்சாங்கத்தில் இல்லாத விழா இது. ஆங்கில வருஷப் பிறப்புக்குக் கோவிலில் விழாவா என்று கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் சுவாமிகளின் கணக்கு வேறு. கிறிஸ்துமஸ் முதல் புது வருஷம் வரை கச்சேரிகளுக்கு விடுமுறை. குமாஸ்தாவும் பியூனும் குடும்பத்தோடு ரெயில் ஏறி வர, அதை விட்டால் வேறு நாள் ஏது? நாளை மாற்றாமல், மாலை போகும் இடத்தை மட்டும் அவர் மாற்றினார்.

பனிக்காலத்துச் சிவப்பு

அது மார்கழியின் நடுப்பகுதி. விடியற்காலைப் பனியில் ஊரே வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் சிவப்பு நிறம் கண்ணுக்கு இதம்.

மேல்நாட்டிலும் அப்படித்தான். கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்குள் ஒரு சிவப்புப் பூச்செடியைத் தொட்டியோடு வைப்பார்கள். மெக்சிகோ நாட்டுச் செடி அது. பாயின்செட் என்ற அமெரிக்கத் தூதர் 1820-களில் அதைத் தம் நாட்டுக்குக் கொண்டு போனார். உண்மையில் அதில் சிவப்பாகத் தெரிவது பூ அல்ல, இலை!

திருத்தணியில் சிவப்புக்கு இறக்குமதி தேவைப்படவில்லை. செவ்வேள் என்று பெயர் பெற்ற முருகனுக்கு உகந்தது செவ்வரளி. அந்த ஊர் முருகனுக்குச் செங்கல்வராயன் என்று ஒரு பெயர் உண்டு. செங்கழுநீர்ப் பூ மலர்ந்த மலைக்கு உடையவன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். சுப்பிரமணிய பிள்ளை தம் மகனுக்கு வைத்த பெயரும் செங்கல்வராயன்தான். தணிகைமணி என்று பட்டம் பெற்று, தந்தை தேடித் தந்த திருப்புகழுக்கு உரை எழுதியவர் அவர்.

சுவாமிகள் கடைசி வரை ஊர் ஊராகப் போய்த் திருப்புகழ் சொல்லிக் கொடுத்தார். பெரிய வித்துவான்களைத் தேடி அவர் போகவில்லை. வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவருக்கு, தட்டுத் தடுமாறிப் படிக்கிறவர்களிடம் பொறுமை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

1950-ம் ஆண்டு, 80-வது வயதில் அவர் காலமானார். வள்ளிமலையிலேயே அவருக்குச் சமாதி அமைந்தது.

அவர் கண்மூடுவதற்கு 3 ஆண்டு முன்பே துரைமார் கப்பல் ஏறிவிட்டார்கள். சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி, நீண்ட எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு 1960 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. படித் திருவிழா மட்டும் நிற்கவில்லை. ஆந்திராவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பஜனைக் கோஷ்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியேறுகின்றன. மஞ்சள் கிண்ணமும் பூக்கூடையுமாகப் பெண்கள் கீழ்ப்படியில் குனிந்து உட்காருகிறார்கள். மேலே இன்னும் 364 படிகள் இருக்கின்றன.