எட்கர் ரைஸ் பர்ரோஸ்

எட்கர் ரைஸ் பர்ரோஸ் (செப்டம்பர் 1, 1875 - மார்ச் 19, 1950) ஓர் அமெரிக்க எழுத்தாளர். டார்சான் என்னும் கதைமாந்தரைப் படைத்தவராக உலகெங்கும் அறியப்படுகிறார். வாட்போரை மையமாகக் கொண்ட இவரது செவ்வாய்க் கோள் புதினங்கள் அறிபுனை இலக்கியத்தின் முன்னோடிப் படைப்புகளுள் அடங்கும்.

வாழ்க்கைக் குறிப்பு

பர்ரோஸ் சிக்காகோ நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் டைலர் பர்ரோஸ் அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்குபற்றியவர். மிச்சிகன் இராணுவப் பயிற்சிப் பள்ளியில் பயின்ற பர்ரோஸ், 1895 இல் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் தோல்வியுற்றார். பின்னர் சாதாரணச் சிப்பாயாக ஏழாவது குதிரைப்படையில் சேர்ந்து, அரிசோனாவின் கிராண்ட் கோட்டையில் பணியாற்றினார். இதயக் கோளாறு கண்டறியப்பட்டதால் 1897 இல் விடுவிக்கப்பட்டார்.

1900 இல் எம்மா ஹல்பர்ட் என்பவரை மணந்தார். கால்நடைப் பண்ணை, தங்கச் சுரங்கம், தொடருந்து நிலையக் காவல் எனப் பல தொழில்களில் ஈடுபட்டும் நிலைக்கவில்லை. மனைவியின் நகைகளை அடகு வைக்கும் அளவுக்கு வறுமை இருந்தது. 1911 இல் பென்சில் சீவும் கருவிகளின் விற்பனை முகவராக இருந்தபோது, தமது 35 ஆவது வயதில் கதை எழுதத் தொடங்கினார்.

முதற் படைப்பு

முதற் கதையை ஆல்-ஸ்டோரி இதழ் 400 டாலருக்கு வாங்கி, 1912 பெப்ரவரி முதல் சூலை வரை தொடராக வெளியிட்டது. நம்ப முடியாத இக்கதையால் தம்மைச் சித்தம் கலங்கியவர் என எண்ணிவிடக்கூடும் என அஞ்சிய பர்ரோஸ், தெளிந்த புத்தியுள்ளவர் எனப் பொருள்படும் நார்மல் பீன் என்ற புனைபெயரைத் தந்தார். அது நார்மன் பீன் எனத் தவறாக அச்சானது. 1917 இல் இக்கதை எ பிரின்சஸ் ஆஃப் மார்ஸ் (செவ்வாயின் இளவரசி) என்னும் நூலாக வந்தது. டார்சான் கதையும் 1912 இலேயே அதே இதழில் வெளியானது.

செவ்வாய்ப் புதினங்கள்

இவ்வரிசையில் 11 நூல்கள் உள்ளன. அரிசோனாக் குகையொன்றிலிருந்து செவ்வாயை அடையும் ஜான் கார்ட்டர் என்னும் முன்னாள் படைவீரனே முதன்மை நாயகன். செவ்வாயின் ஈர்ப்பு விசை புவியின் ஈர்ப்பு விசையில் ஏறத்தாழ 38 விழுக்காடு மட்டுமே. எனவே புவியில் வளர்ந்த அவனது தசைகள் அங்கு பெரும் வலிமை பெறுகின்றன. அவன் தாவும் தொலைவும், வாள் வீச்சின் வேகமும் இதிலிருந்தே பிறக்கின்றன.

வறண்டுவரும் அவ்வுலகில் வானூர்திகளும் ரேடியம் துப்பாக்கிகளும் உண்டு. ஆயினும் எதிரி ஏந்திய ஆயுதத்தைவிட உயர்ந்ததைக் கொண்டு தாக்குவது இழிவு என்பது அங்குள்ள வழக்கம். வாளுடன் வருபவனை வாளாலேயே எதிர்கொள்ள வேண்டும். தொழில்நுட்பம் முதிர்ந்த உலகில் வாட்போர் நிலைத்திருப்பதற்கு இவ்வழக்கமே காரணமாக அமைகிறது. 1922 இல் வெளியான தி செஸ்மென் ஆஃப் மார்ஸ் புதினத்தில், ஜெட்டான் என்னும் சதுரங்கத்தை உயிருள்ள மனிதர் காய்களாக நின்று ஆடுகின்றனர். ஒரு கட்டத்தைக் கைப்பற்ற அங்கு நிற்பவருடன் சாகும்வரை போரிட வேண்டும்.

தாக்கமும் விமர்சனமும்

பெர்சிவல் லோவெல் பரப்பிய செவ்வாய்க் கால்வாய்க் கருத்தின் சாயல் இக்கதைகளில் உண்டு. 1965 இல் மரைனர் 4 அனுப்பிய படங்கள் அத்தகைய செவ்வாய் இல்லை என்பதைக் காட்டின. எனினும் எழுத்தாளர் ரே பிராட்பரி, வானியலாளர் கார்ல் சேகன் ஆகியோர் சிறுவயதில் இக்கதைகளால் ஈர்க்கப்பட்டவர்கள். கடத்தல், மீட்பு, தற்செயல் நிகழ்ச்சிகள் திரும்பத் திரும்ப வருவது இவற்றின் குறையாகும். பர்ரோசின் எழுத்துகளில் காணப்படும் இனவாதக் கருத்துகளும் விமர்சிக்கப்படுகின்றன. டார்சான் கதைகளின் களமான ஆப்பிரிக்காவுக்கு அவர் சென்றதே இல்லை.

இறுதிக் காலம்

1919 இல் கலிபோர்னியாவில் வாங்கிய பண்ணைக்கு டார்சானா எனப் பெயரிட்டார். பின்னர் அப்பகுதிக்கும் அப்பெயரே நிலைத்தது. 1923 இல் தமது படைப்புகளுக்கென நிறுவனம் அமைத்தார். 1941 இல் பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டபோது அவாயில் வசித்து வந்தார். இளமையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், அறுபது வயதைக் கடந்த நிலையில் பசிபிக் போர்க்களத்தின் செய்தியாளராகப் பணிபுரிந்தார். 1950 இல் கலிபோர்னியாவின் என்சினோவில் காலமானார். செவ்வாயிலுள்ள கிண்ணக்குழி ஒன்றுக்கு பர்ரோஸ் எனப் பெயரிடப்பட்டுள்ளது.