ஆனி மஸ்கரீன்: அரசியலுக்கு வந்த நம் சகோதரி



நம் பங்குகளில் அன்பியங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். மறைக்கல்வி கற்பிக்கிறவர்களும் நோயாளிகளைத் தேடிச் சென்று பார்க்கிறவர்களும் அவர்களே. ஆனால் ஊராட்சித் தேர்தல் வந்துவிட்டால், குடும்பப் பெண்ணுக்கு அரசியல் எதற்கு என்ற கேள்வி முதலில் நம் வீடுகளிலிருந்தே எழுகிறது. தமிழகத்தில் 2016-இல் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் செய்தார்கள். அதன் பிறகும், வென்ற பெண்ணின் நாற்காலியில் கணவர் அமர்ந்துகொண்டு, மனைவியிடம் கையெழுத்து மட்டும் வாங்கிச் செல்லும் காட்சியை நாம் காணாமல் இல்லை. இந்த நிலையில் ஆனி மஸ்கரீன் என்ற கத்தோலிக்கப் பெண்மணியின் வாழ்வைச் சற்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

1902 ஜூன் 6-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் ஓர் இலத்தீன் கத்தோலிக்கக் குடும்பத்தில் ஆனி பிறந்தார். தந்தை கபிரியேல் மஸ்கரீன் திருவிதாங்கூர் அரசில் அலுவலர். வரலாற்றிலும் பொருளாதாரத்திலும் முதுகலைப் பட்டம் பெற்ற ஆனி, இலங்கைக்குச் சென்று சிறிது காலம் ஆசிரியப் பணி செய்தார். திரும்பி வந்து சட்டமும் படித்தார். அந்நாளில் இவ்வளவு படித்த பெண்ணுக்கு அரசு வேலையும் மரியாதையும் நிச்சயம் கிடைத்திருக்கும். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்!

அவரால் அது முடியவில்லை. அன்றைய திருவிதாங்கூரில் மன்னர் பெயரால் ஆட்சியை நடத்தியவர் திவான் சி.பி. இராமசாமி ஐயர். அரசு வேலைகளிலும் சட்டமன்றத்திலும் கிறிஸ்தவர், ஈழவர், இசுலாமியர் ஆகியோருக்கு உரிய பங்கு இல்லை என்ற மனக்குமுறல் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. மக்களுக்குப் பொறுப்பான ஆட்சி வேண்டும் என்ற கோரிக்கையோடு 1938-இல் பட்டம் தாணுப்பிள்ளை தலைமையில் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் உருவானது. (தாணுப்பிள்ளை என்றதும் கன்னியாகுமரி மாவட்டத்தில் 1954 துப்பாக்கிச் சூட்டை நினைத்து மனம் கசப்பவர்கள் உண்டு. அது பின்னாளில் நடந்தது.) அந்த இயக்கத்தில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர் ஆனி. இன்னொருவர் காஞ்சிரப்பள்ளியைச் சேர்ந்த அக்கம்மா செறியான். அவரும் கத்தோலிக்கர், தலைமையாசிரியை வேலையை விட்டுவிட்டு வந்தவர். இயக்கத்தின் மீதான தடையை நீக்கக் கோரி 1938 அக்டோபரில் கவடியார் அரண்மனையை நோக்கிப் பெரும் பேரணியை நடத்திச் சென்றவர் அவர்தான்.

ஆனி ஊர் ஊராகச் சென்று மேடைகளில் பேசினார். அவரது பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது. அதற்கான விலையையும் கொடுத்தார். அவரைத் தாக்கினார்கள். அவரது வீட்டை உடைத்துப் பொருள்களைச் சூறையாடினார்கள். 1939-க்கும் 1947-க்கும் இடையில் பலமுறை சிறை சென்றார். அன்று கன்னியாகுமரிப் பகுதியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. ஆகவே இது அயலூர்க் கதை அல்ல. நம் பாட்டன், பாட்டிமார் குடிமக்களாய் வாழ்ந்த நாட்டின் கதை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆனியைக் கண்டித்தவர்கள் திவானின் ஆட்கள் மட்டுமல்லர். 1946-இல் மகாத்மா காந்தி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பம்பாயில் ஆனி பேசியதாகப் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்துவிட்டு எழுதிய கடிதம் அது. நாவை அடக்கத் தெரியவில்லை, மேடை ஏறினால் மனத்தில் பட்டதையெல்லாம் பேசிவிடுகிறீர், இது திருவிதாங்கூர் ஏழைகளுக்கு நன்மை செய்யாது, பெண்குலத்துக்கே இழுக்கு என்ற பொருளில் காந்தியடிகள் கடிந்துகொண்டார். அந்தப் பேச்சு சரியா, தவறா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதில் பதற்றம் இருந்திருக்கலாம். ஆனால் ஓர் ஆண் மேடையில் வரம்பு மீறிப் பேசினால் அது ஆண்குலத்துக்கே இழுக்கு என்று யாரும் சொல்வதில்லை. ஆண் தவறினால் அவன் ஒருவன் தவறினான். பெண் தவறினால் பெண்கள் எல்லாரும் தவறியதாகக் கணக்கு. காந்தியடிகளைப் போன்ற ஒருவரின் எழுத்திலேயே இந்தக் கணக்கு புகுந்திருந்தது என்றால், நம் பங்குப் பேரவைகளில் அது இருப்பதில் வியப்பில்லை. பேரவைக் கூட்டத்தில் ஒரு சகோதரி சற்று உரக்கப் பேசிவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்?

ஆனி அந்தக் கடிதத்தோடு வீட்டுக்குள் முடங்கிவிடவில்லை. 1948-இல் திருவிதாங்கூர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டின் இறுதியில் இந்திய அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினரானார். நம் நாட்டின் அரசியல் சட்டத்தை உருவாக்கிய அந்தச் சபையில் இடம்பெற்ற பெண்கள் மொத்தம் 15 பேர்தான். அவர்களில் ஒருவர் ஆனி. அடுத்து, 1949-50இல் பறவூர் டி.கே. நாராயண பிள்ளை அமைச்சரவையில் சுகாதாரத் துறைக்கும் மின்சாரத் துறைக்கும் அமைச்சராகப் பணியாற்றினார்.

பின்னர் முதல் பொதுத்தேர்தல் வந்தது. 1951-52இல் நடந்த அந்தத் தேர்தலில் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று. காரணம், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே அவர்கள் பதிவாகியிருந்தார்கள். சொந்தப் பெயரைச் சொல்ல முன்வரவில்லை. இவர்களில் பெரும்பாலோர் வட மாநிலங்களைச் சேர்ந்தவர்கள். சொந்தப் பெயரைச் சொல்லவே பெண்கள் தயங்கிய அதே தேர்தலில், எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல், சுயேச்சையாகத் தம் பெயரை முன்வைத்துத் திருவனந்தபுரத்தில் ஆனி வென்றார். கேரள மண்ணிலிருந்து மக்களவைக்குச் சென்ற முதல் பெண் அவரே. நாகர்கோவிலிலிருந்து மார்ஷல் நேசமணி சென்றதும் அதே முதல் மக்களவைக்குத்தான்.

1957 தேர்தலில் ஆனி தோற்றார். 1963 ஜூலை 19-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அந்த ஆண்டில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஆனி இறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 1963 ஏப்ரல் 11 அன்று, திருத்தந்தை புனித 23-ஆம் யோவான் உலக அமைதி பற்றிய 'பாச்செம் இன் தெரிஸ்' சுற்றுமடலை வெளியிட்டார். அதில் நம் காலத்துக்குரிய மூன்று அடையாளங்களை அவர் குறிப்பிடுகிறார். தொழிலாளரின் உயர்வு ஒன்று. பெண்கள் பொதுவாழ்வில் பங்குபெறுவது இன்னொன்று. அடிமைப்பட்ட நாடுகள் விடுதலை பெறுவது மூன்றாவது. பெண்கள் தங்கள் மாண்பை உணர்ந்துவிட்டார்கள், வீட்டிலும் பொதுவாழ்விலும் மனிதருக்குரிய உரிமைகளைக் கேட்கிறார்கள் என்று அவர் எழுதியதில் குறைகூறும் தொனி இல்லை, வரவேற்பே இருந்தது. ஆனி அந்த மடலைப் படித்தாரா என்பது முக்கியமல்ல. அது வருவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே அவர் அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிட்டார். திருச்சபை ஆவணமாக எழுதுவதற்கு முன்னரே அதன் மகள் ஒருத்தி வாழ்ந்து காட்டுவது நமக்குப் புதிதல்ல. திருத்தந்தையை அவிஞ்ஞோனிலிருந்து உரோமைக்குத் திரும்பச் சொன்ன சியன்னா நகர் புனித கத்தரீனாவையும் நாம் அறிவோம்.

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற அரசியல் சட்டத்தின் 106-ஆம் திருத்தம் 2023-இல் நிறைவேறியது. 2024 பொதுத்தேர்தலில் 543 இடங்களில் 74 பெண்கள் வென்றார்கள். அந்தப் பொதுத்தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் ஒன்றில்கூடப் பெண் வெற்றி பெறவில்லை. அந்த ஆண்டின் நவம்பரில் வயநாடு இடைத்தேர்தலில்தான் ஒரு பெண் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஆனியின் உடல் திருவனந்தபுரம் பாற்றூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2013-இல் அந்நகரின் வழுதக்காட்டில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஹமீது அன்சாரி அதைத் திறந்துவைத்தார். அவர் வென்ற திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியிலிருந்து, அவருக்குப் பின் 2024 பொதுத்தேர்தல் வரை வேறொரு பெண் தேர்ந்தெடுக்கப்படவில்லை.